தோட்டத்து நீரும் மின்னும் இணையமும்: நிறுவனப் பொறுப்பின் நிறைகுறைகள்

ஒரு குடியிருப்புக்குக் குடிநீரையும் மின்சாரத்தையும் இணையத் தொடர்பையும் அரசு வழங்குகிறதா, ஒரு நிறுவனம் வழங்குகிறதா என்பது குழாயில் நீர் வந்துகொண்டிருக்கும் வரை பெரிதாகத் தோன்றுவதில்லை. நீர் நின்றுபோன நாளில், அதை யாரிடம் உரிமையோடு கேட்பது என்ற வினா எழும்போதுதான் அந்த வேறுபாடு முழுமையாகப் புலப்படுகிறது. மலேசியத் தோட்டப்புறங்களில், குறிப்பாக நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில், இந்த வினாவுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ஒரு வணிக நிறுவனம் தன் இலாப நோக்கத்துக்கு அப்பால் தன்னைச் சூழ்ந்த மக்களின் நலனுக்காகச் செய்வதாக அறிவிக்கும் பணிகள் இன்று ‘நிறுவனச் சமூகப் பொறுப்பு’ என்றும் ‘நிலைத்தன்மை’ என்றும் ஆண்டறிக்கைகளில் இடம்பெறுகின்றன. அந்தப் பணிகளின் நிறைகளையும் குறைகளையும் எடைபோட்டு, அவற்றை எந்த அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல்

சிரம்பான் நகரப் பகுதியான லோபாக்கில் சொந்தப் பெயரில் வீடும் கணக்கும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு மாதந்தோறும் மூன்று கட்டணச் சீட்டுகள் வருகின்றன: மின்சாரத்துக்குத் தெனாகா நேஷனலிடமிருந்து ஒன்று, தண்ணீருக்கு மாநில நீர் நிறுவனத்திடமிருந்து ஒன்று, இணையத்துக்குத் தொலைத்தொடர்பு நிறுவனமொன்றிடமிருந்து ஒன்று. இந்தச் சீட்டுகள் சுமையாகத் தோன்றினாலும், அவை ஒவ்வொன்றும் ஓர் உரிமைச் சான்றாகும். சேவை தடைப்பட்டால் எரிசக்தி ஆணையத்திடமோ, தேசிய நீர்ச் சேவை ஆணையத்திடமோ, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடமோ அக்குடும்பம் வாடிக்கையாளர் என்ற தகுதியோடு முறையிடலாம். லோபாக்கிலிருந்து லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கமாகச் சென்று தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், வாழும் குடும்பத்தைப் பார்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. பல தோட்டங்களில் பொதுக் குழாயிலிருந்து வரும் நீர், தோட்டத்து எல்லையில் பொருத்தப்பட்ட ஒரே மொத்த மீட்டரைத் தாண்டியதும் நிறுவனத்தின் பொறுப்பாகிவிடுகிறது. அங்கிருந்து லயங்கள் வரை செல்லும் குழாய் பழையதாகித் துருப்பிடித்தாலும், மேட்டு வீடுகளுக்கு அழுத்தம் குறைந்தாலும், நீர் நிறுவனம் உள்ளே வந்து பழுதுபார்க்கக் கடமைப்பட்டதல்ல. அக்குடும்பத்தின் முறையீடு போய்ச் சேரும் இடம் தோட்ட அலுவலகம், கேட்பவர் கிராணி எனப்படும் எழுத்தர், முடிவெடுப்பவர் நிர்வாகி. கட்டணமின்றிக் கிடைக்கும் நீருக்கு அக்குடும்பம் கொடுக்கும் விலை, வாடிக்கையாளர் என்ற தகுதியே.

கடமையும் கொடையும்

இந்த ஏற்பாடு நேற்று உருவானதன்று. மக்கள் குடியிருப்பே இல்லாத காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில், தொழிலாளருக்கு வீடும் நீரும் மருத்துவமும் தோட்ட முதலாளியே தர வேண்டும் என்று 1912, 1923 ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வகுத்தன. விடுதலைக்குப் பிறகு 1966-இல் தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் வந்தது; அதன் இடத்தைப் பிடித்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவாக ‘சட்டம் 446’ எனப்படுவது, முதலாளி தன் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய்நீரை இலவசமாகவும், போதிய மின்சார வசதியையும் தர வேண்டும் என்று கட்டளையிட்டது. 2019-இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த வடிவம், தோட்டத்துக்கு வெளியே உள்ள மற்றத் தொழில்துறைகளின் தங்குமிடங்களுக்கும் இதை விரிவாக்கியது.

இந்தச் சட்ட வரலாறு திறனாய்வுக்கு இன்றியமையாதது. ஏனெனில் லயத்துக்குப் புதிய நீர்த்தொட்டி கட்டியதையும், மின்கம்பி மாற்றியதையும் ஒரு நிறுவனம் தன் சமூகத் தொண்டாக அறிவிக்கும்போது, அது சட்டப்படி செய்தே தீர வேண்டிய பணியா, தன் விருப்பத்தால் கூடுதலாகச் செய்த பணியா என்று பிரித்தறியாவிட்டால், கடமை கொடையாகவும், பெறுபவர் நன்றிக்கடன் பட்டவராகவும் மாறிவிடும் ஆபத்து உண்டு.

நிறைகள்

நிறுவனங்களின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால், கிராமப்புறங்களுக்கான அரசின் மேம்பாட்டு நிதி பல பத்தாண்டுகள் தோட்ட மக்களை எட்டாமலே போனது. அந்த இடைவெளியில் மாலையில் சில மணி நேரமாவது ஓடிய ஜெனரேட்டரும், ஆற்றுநீரை ஏற்றி வடிகட்டிய தொட்டியும் நிறுவனத்தின் செலவில் அமைந்தவையே. பழுதுபார்க்கப் பட்டறையும் லாரியும் பணியாளரும் அருகிலேயே வைத்திருக்கும் நிறுவனம், மனம் வைத்தால், டெண்டர் விட்டுக் காத்திருக்கும் அரசுத் துறையைவிட விரைவாக ஒரு பணியை முடிக்க முடியும் என்பதும் உண்மை.

இரண்டாவது நிறை, உலகச் சந்தையின் கண்காணிப்பு. 2004-இல் தொடங்கப்பட்ட நிலைத்தன்மைமிகு செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பும், 2020 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட மலேசியாவின் சொந்தச் சான்றிதழ் முறையும், எண்ணெய் விற்க வேண்டுமானால் தொழிலாளர் குடியிருப்பையும் நீரையும் துப்புரவையும் கணக்கில் காட்ட வேண்டும் என்ற நிலையை உருவாக்கின. கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உள்ளன என்று கூறி, அமெரிக்கச் சுங்கத்துறை 2020 டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் நிறுவனத்தின் செம்பனை எண்ணெய்க்குத் தடை விதித்தது. நிறுவனம் தன் நடைமுறைகளை மாற்றியமைத்த பின்னர் 2023 பிப்ரவரியில் அத்தடை விலக்கப்பட்டது. உள்நாட்டு முறையீடுகளால் அசையாத சில கதவுகள் வாங்குவோரின் அழுத்தத்தால் திறந்தன என்பதை மறுக்க இயலாது. ஆயினும் இந்த வலிமையிலேயே ஒரு பலவீனமும் ஒளிந்திருக்கிறது: தணிக்கையாளரின் கேள்விக்கு விடை சொல்லப் பழகும் நிறுவனம், குடியிருப்பவரின் கேள்விக்கும் அவ்வாறே விடை சொல்லும் என்று கொள்வதற்கில்லை.

தூய ஆற்றல் எங்கே போகிறது?

குறைகளில் மிகக் கூர்மையானது தூய ஆற்றல் துறையில் தென்படுகிறது. செம்பனை ஆலையில் ஒரு டன் பழக்குலையைப் பிழியும்போது ஏறத்தாழ 0.65 கன மீட்டர் கழிவுநீர் வெளிவருகிறது. அது திறந்த குளங்களில் நொதித்தால், கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மீத்தேன் வாயு காற்றில் கலக்கிறது. குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்தால், ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் உயிர்வாயு கிடைக்கும்; மணிக்கு 60 டன் பழக்குலையைப் பிழியும் ஆலை இவ்வாறு ஏறத்தாழ 2 மெகாவாட் மின்சாரம் ஆக்கவல்லது. மாதம் 300 யூனிட் செலவிடும் 100 குடும்பங்களின் சராசரித் தேவை 50 கிலோவாட்டுக்கும் குறைவு என்பதால், அந்த மின்சாரத்தில் நாற்பதில் ஒரு பங்கே ஒரு தோட்டத்து லயங்களுக்குப் போதுமானது. ஆனால் 2011-ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் உருவாக்கிய ஏற்பாடு, இத்தகைய மின்சாரத்தை நிர்ணயித்த விலைக்குத் தேசிய மின்தொகுப்புக்கு விற்பதை ஊக்குவிப்பது. ஆலையை ஒட்டி வாழ்ந்து அதன் புகையையும் வாடையையும் தாங்கும் குடும்பத்துக்கு அதில் தனிப்பங்கு எதையும் அது உறுதிசெய்வதில்லை.

போர்ட்டிக்சன் வட்டாரத்தில் இதே கேள்வி இன்னும் பெரிய அளவில் எழுகிறது. ஜீமா கடற்கரையின் நிலக்கரி மின்நிலையங்கள் நாட்டின் முதன்மையான மின் ஆக்க நிலையங்களுள் அடங்கும். 2022-இல் இயங்கத் தொடங்கிய, குப்பையை எரித்து மின்சாரம் ஆக்கும் சைபார்க் நிறுவனத்தின் ஆலை அமைந்திருக்கும் லாடாங் தானா மேரா, தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ என்ற சொல்லை இன்றும் தன் பெயரில் தாங்கி நிற்கிறது. இவை நாட்டுக்குத் தேவையானவை, தூய்மையை நோக்கிய அடிகளும் இவற்றுள் உண்டு. எனினும் ஆற்றல் தூயதாவதும், அதன் பயன் அருகிலிருக்கும் மக்களைச் சேர்வதும் வெவ்வேறு செயல்கள். முன்னதைச் செய்த நிறுவனம் பின்னதையும் செய்துவிட்டதாக அறிக்கையில் தொனிக்குமானால், அது பாதி உண்மையாகிவிடும்.

இணையம்: கருவியும் இணைப்பும்

மலேசியாவில் இணைய விரிவாக்கத்துக்கு வலுவான பொது நிதி இருக்கிறது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் நிகர வருவாயில் 6 விழுக்காட்டை ‘அனைவருக்குமான சேவை’ நிதிக்குச் செலுத்துகின்றன. 2020-இல் தொடங்கிய ஜென்டெலா திட்டம் இதன் துணையோடு கோபுரங்களையும் கண்ணாடி இழைக் கம்பிகளையும் பரப்பியது. தோட்டத்தில் மட்டும் இரண்டு தடைகள் நீடித்தன. ஒன்று, கோபுரமோ கம்பியோ போட நில உரிமையாளரின் இசைவு வேண்டும் என்பது. மற்றொன்று, செம்பனை மரங்களின் அடர்ந்த ஓலைக்கூட்டம் அலைவரிசையை உறிஞ்சுவதால், கன்றுகள் சிறியனவாக இருந்தபோது கிடைத்த தொடர்பு அவை உயர்ந்தபின் நலிவது.

பெருந்தொற்றுக் காலம் இதன் விளைவை வெளிப்படுத்தியது. 2020-இல் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் இணையவழிக் கல்விக்கான கருவி எதுவுமே இல்லை என்று தெரியவந்தது. அரசுத் தொடர்புடைய நிறுவனங்கள் 150 மில்லியன் ரிங்கிட் திரட்டி, 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்கு இணைய வசதியோடு கணினி தர முன்வந்த செர்டிக் திட்டம் பாராட்டத்தக்கது. எண்ணிக்கையில் அது ஒரு பெருமுயற்சி. ஆனால் கணினியைக் கையில் கொடுப்பது ஒரு நாளில் முடிந்து படமெடுக்கக்கூடிய செயல். அலைவரிசை எட்டாத லயத்துக்குக் கம்பி இழுப்பதோ ஆண்டுக்கணக்கான பராமரிப்பைக் கோரும் செயல். நிறுவனக் கொடைகள் முன்னதை நோக்கியே சாய்வதும், வழங்கிய கருவிகளின் எண்ணிக்கையே வெற்றியாகக் காட்டப்படுவதும் இந்த நடைமுறையின் நீங்காத குறை. ஐந்தாண்டுக்குப் பின் எத்தனை வீடுகளில் இணைப்பு இயங்குகிறது என்பதே சரியான கணக்கு.

நிலம் கைமாறும்போது

மேற்கண்ட குறைகள் அனைத்துக்கும் வேர் ஒன்றே: வசதி வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது, வேலை நிலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பணி ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்யும்போது நீரும் மின்சாரமும் அவரைவிட்டுப் போகின்றன. தோட்டமே வேறு பயன்பாட்டுக்கு மாறும்போது மொத்தக் குடியிருப்பும் அவற்றை இழக்கிறது. சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2007-இல் இணைந்தபின், சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் 153,411 ஹெக்டேரை உள்ளடக்கி வரையப்பட்ட மலேசியா விஷன் வேலி திட்டத்தில், தோட்ட நிலங்கள் தொழிற்பேட்டைகளாகவும் புதுநகரங்களாகவும் மாறத் திட்டமிடப்பட்டன. அந்தப் புதுநகரங்களுக்கு அதிவேக இணையமும் தடையற்ற மின்சாரமும் முதல் நாளிலேயே வந்து சேர்கின்றன என்பது, தோட்டத்தில் அவை வராததற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட இயலாது என்பதை மெய்ப்பிக்கிறது.

நிறுவனத் தரப்பு வாதத்துக்கும் இடமளிக்க வேண்டும். இன்றைய தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் வந்து திரும்பும் வெளிநாட்டவர். அவர்களுக்கு வீடுதோறும் தனிமீட்டர் வைப்பது வீண் செலவு என்றும், இலவச நீரை நிறுத்திக் கட்டணச் சீட்டு கொடுப்பது ஏழையின் சுமையைக் கூட்டும் என்றும் நிறுவனங்கள் கூறுவது முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் தனிக்கணக்கு என்பதற்காகக் கட்டணத்தைத் தொழிலாளி கட்ட வேண்டியதில்லை. கணக்கு குடியிருப்பவர் பெயரிலும் கட்டணம் நிறுவனத்தின் பெயரிலும் இருக்க எந்தத் தடையும் இல்லை. மேலும், தலைமுறைகளாகத் தோட்டத்திலேயே வாழும் தமிழ்க் குடும்பங்களை வந்துபோகும் தொழிலாளர் கணக்கில் சேர்ப்பது வரலாற்றுக்கு முரணானது.

இந்த மக்கள் கொடைக்காகக் கைநீட்டியே பழகியவர்கள் என்ற எண்ணமும் தவறு. தோட்டத் துண்டாடல், அதாவது பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்பது, நடந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 10 ரிங்கிட் வீதம் சேமித்தே அவர்கள் தோட்டங்களை வாங்கினார்கள். உரிமையாளராகும் திறன் அவர்களுக்கு இருந்தது, இருக்கிறது.

ஆகவே, நிறுவனங்களின் முயற்சி நிறுத்தப்பட வேண்டியதன்று, திருத்தப்பட வேண்டியது என்பதே இத்திறனாய்வின் முடிவு. நிலத்தையும் முதலையும் நிறுவனம் தரட்டும். மீட்டரும் குழாயும் கம்பியும் பொதுச் சேவை நிறுவனங்களின் பொறுப்பில், குடியிருப்பவரின் பெயரில் இருக்கட்டும். சட்டப்படியான கடமையையும் விருப்பக் கொடையையும் அறிக்கைகள் தனித்தனியே காட்டட்டும். தோட்டக் கழிவிலிருந்தும் தோட்ட நிலத்திலிருந்தும் பிறக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு அருகிலுள்ள லயங்களுக்கு என்று உரிமம் வழங்கும்போதே நிபந்தனையாகட்டும். நெகிரி செம்பிலான் மாநில அரசும், தோட்டத் தொழிலாளர் சங்கமும், தமிழ்ச் சமூக அமைப்புகளும் இவற்றை ஒருமித்துக் கோர வேண்டும். லோபாக்கில் வாழ்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருப்பதுபோல், லாபுத் தோட்டத்தில் வாழ்பவருக்கும் அது இருந்தாக வேண்டும்.