633 தடவை ஒரு கத்தல்

633. கிரிக்கெட் ஸ்கோர் இல்லை. 2004 ஜனவரியில் ஒரு மனிதர் ஒரே ஒரு தடவை கத்தியதை அமெரிக்க டி.வி. நெட்வொர்க்குகள் நாலே நாளில் எத்தனை முறை போட்டுக் காட்டின என்று ‘ஹாட்லைன்’ என்கிற அரசியல் செய்தி ஏடு உட்கார்ந்து எண்ணிச் சொன்ன கணக்கு. உள்ளூர் சேனல்களும் ராத்திரி நேர அரட்டை நிகழ்ச்சிகளும் இதில் சேர்த்தி இல்லை. அவற்றையும் சேர்த்தால் எங்கே போய் நின்றிருக்குமோ!

கத்தியவர் ஹோவர்ட் டீன். டாக்டர். வெர்மாண்ட் என்ற குட்டி மாநிலத்தில் பதினோரு வருஷத்துக்கு மேல் கவர்னராக இருந்தவர். அதிபர் புஷ்ஷை எதிர்த்து நிற்க டெமாக்ரடிக் கட்சியில் டிக்கெட் கேட்டவர்களில் ஒருவர். அங்கே டிக்கெட்டைத் தலைவர் வீட்டு வாசலில் காத்திருந்து வாங்கிவிட முடியாது. மாநிலம் மாநிலமாகப் போய் ஓட்டு வாங்கி ஜெயிக்க வேண்டும். அதுதான் பிரைமரி. 2004-ல் முதல் மாநிலம் அயோவா. அங்கே டெமாக்ரடிக் கட்சிக்காரர்களுக்கு அப்போது ரகசிய ஓட்டுகூட இருக்கவில்லை. குளிர் ராத்திரியில் பள்ளிக்கூடத்திலும் சர்ச்சிலும் கூடி, ‘நான் இவர் பக்கம்’ என்று கோஷ்டி கோஷ்டியாகப் பிரிந்து நின்றார்கள். தலையை எண்ணினார்கள்.

இந்த விஷயத்தில் நான் டீன் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம். காரணம் இராக் போர். 2002 அக்டோபரில் புஷ்ஷுக்குப் போர் அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் வந்தபோது கெர்ரி, எட்வர்ட்ஸ், லீபர்மன், கெப்ஹார்ட் நாலு பேரும் ஆதரித்து ஓட்டுப் போட்டவர்கள். பிறகு இந்த நாலு பேரும் புஷ்ஷை எதிர்த்து டிக்கெட் கேட்டு வந்தார்கள். இந்தப் போர் தப்பு என்று நாடு முழுக்கச் சுற்றிச் சத்தமாகச் சொன்னவர் டீன்தான்.

முதலில் மீடியாவுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. 2003 ஆகஸ்டில் ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டும் ஒரே வாரத்தில் அவரை அட்டையில் போட்டன. இன்டர்நெட் வழியாகச் சின்னச் சின்னத் தொகையாகப் பணம் வந்து குவிந்தது. மூன்றே மாதத்தில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி டாலர்! புது மாதிரி ஆள், புது மாதிரிக் கதை. ஏற்றிவிட்டார்கள்.

அப்புறம் டிசம்பர் வந்தது. 1-ந் தேதி எம்.எஸ்.என்.பி.சி. சேனலில் கிறிஸ் மேத்யூஸ் கேட்ட கேள்விக்கு, ‘நான் வந்தால் பெரிய பெரிய மீடியா நிறுவனங்களை உடைப்பேன்’ என்று பதில் சொன்னார் டீன். அப்போது என்.பி.சி.யின் முதலாளி ஜெனரல் எலெக்ட்ரிக் (போர் விமான எஞ்சினும் செய்கிற கம்பெனி). ஏ.பி.சி. டிஸ்னியிடம், சி.பி.எஸ். வயாகாமிடம், சி.என்.என். டைம் வார்னரிடம், ஃபாக்ஸ் முர்டோக்கிடம். ‘உன் முதலாளியை உடைப்பேன்’ என்று அவர்கள் மைக்கிலேயே சொல்வதற்குத் தைரியம் வேண்டும், கொஞ்சம் விவரம் போதாமையும் வேண்டும்.

இதனால்தான் அவரைத் தீர்த்துக் கட்டினார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். முதலாளி யாரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதே டிசம்பர் 9-ந் தேதி நடந்த விவாத மேடையைப் பாருங்கள். ஏ.பி.சி.யின் டெட் கோப்பல் குசினிச், ஷார்ப்டன், மோஸ்லி பிரான் என்ற மூன்று பேரிடமும் போர், மருத்துவம் எல்லாம் விட்டுவிட்டு, ‘பணம் இல்லை, ஆதரவு இல்லை, ஏன் இன்னும் நிற்கிறீர்கள்?’ என்கிற தினுசில் கேட்டார். குசினிச் நாடாளுமன்றத்தில் போருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர். மக்களுக்கு முக்கியமானதைக் கேளுங்கள் என்று மேடையிலேயே திருப்பிக் கொடுத்தார். கைதட்டல் பலமாக விழுந்தது. மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? அந்த மூன்று பேரின் பிரசாரத்தோடு முழுநேரமும் போய்க்கொண்டிருந்த நிருபர்களை ஏ.பி.சி. வாபஸ் வாங்கிக்கொண்டது. வழக்கமான ஏற்பாடுதான் என்றார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

அந்த வாரக் கடைசியில் சதாம் பிடிபட்டார். ‘சதாம் பிடிபட்டதால் அமெரிக்கா பாதுகாப்பாகிவிடவில்லை’ என்றார் டீன். அவ்வளவுதான், கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். போரை ஆதரித்துவந்த ‘வாஷிங்டன் போஸ்ட்’, டீன் பொது நீரோட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்று தலையங்கமே எழுதியது. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் அந்தப் போர் நீண்டு, 2011-ல் படைகள் திரும்பும்போது செத்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஏறத்தாழ 4,500. இராக்கியர்கள் இதைப்போலப் பல மடங்கு.

சரி, கத்தலுக்கு வருவோம். ஜனவரி 19. அயோவாவில் கெர்ரிக்கு 38 சதவிகிதம், எட்வர்ட்ஸுக்கு 32, டீனுக்கு வெறும் 18. இது டீன் தானாகத் தேடிக்கொண்ட தோல்வி. கெப்ஹார்டும் அவரும் விளம்பரத்தில் மாறி மாறிச் சேற்றை வாரிப் பூசிக்கொண்டதை அயோவாக்காரர்கள் ரசிக்கவில்லை. வெளிமாநிலத்திலிருந்து ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திறங்கிய இளவட்டங்களைப் பார்த்து ஓட்டு விழவும் இல்லை. ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் அவர் கத்தினார். ஆக, ‘கத்தினார், அதனால் அயோவாவில் தோற்றார்’ என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த ஆரஞ்சுத் தொப்பிப் பிள்ளைகள்தான் அன்று ராத்திரி ஹாலில் நிறைந்திருந்தார்கள். சோர்ந்து போனவர்களுக்குத் தெம்பு கொடுக்க, சட்டைக் கையை மடித்துவிட்டு, இனி எந்தெந்த மாநிலத்துக்குப் போகிறோம் என்று வரிசையாக அடுக்கினார் டீன். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் கூரை அதிரக் கத்தியது. அவரும் அதற்கு மேலே கத்தினார். கடைசியில் ‘யீஈஆ’ என்று ஒரு சத்தம். நம்மூர் மேடைப் பேச்சைக் கேட்டுப் பழகிய காதுக்கு இதெல்லாம் தொண்டையைக் கனைப்பது மாதிரி.

டி.வி.யில் வந்தது வேறு. டீன் கையில் இருந்தது வாய்க்கு நேரே வரும் சத்தத்தை மட்டும் வாங்கி, சுற்றுப்புற இரைச்சலை வடிகட்டித் தள்ளிவிடும் மைக். சேனல்களுக்குப் போன ஒலி நேராக அதிலிருந்து போனது. கூட்டம் கத்திய கத்தல் காணாமல் போய்விட்டது. மிச்சம் இருந்தது, காரணமே இல்லாமல் முகம் சிவந்து தனியாக அலறும் ஒரு மனிதர். ஏ.பி.சி.யின் டயேன் சாயர் பிற்பாடு, கூட்டத்துக்குள்ளிருந்து எடுத்த வேறு வீடியோக்களைத் தேடிப் பிடித்துக் காட்டினார். அவற்றில் அந்த ‘யீஈஆ’ கேட்கவே சிரமம். சி.என்.என்., ஃபாக்ஸ் பெரிய தலைகளும் கொஞ்சம் ஓவராகத்தான் போட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். எப்போது? 27-ந் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் ஓட்டுப் போட்டு முடிந்து, அங்கேயும் கெர்ரி 38, டீன் 26 என்று ஆன பிறகு. பிப்ரவரி 18-ல் டீன் விலகிவிட்டார்.

எனக்கு ஆறாதது இதுதான். கத்தல் சூடு ஆறாமல் ஓடிக்கொண்டிருந்த ஜனவரி 28-ந் தேதி, இராக்கில் ஆயுதம் தேடப் போயிருந்த குழுவின் தலைவர் டேவிட் கே செனட் கமிட்டி முன்னால் உட்கார்ந்து, ‘நாம் ஏறக்குறைய எல்லாருமே தப்புக் கணக்குப் போட்டுவிட்டோம்’ என்றார். போருக்குச் சொன்ன காரணமே பொய்த்துப்போன சாட்சியம்! செய்தியாக வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ‘அப்படியானால் அந்த டாக்டர் சொன்னது சரிதானே?’ என்று எந்த ஆங்கர் 633 தடவை கேட்டார்? ஏமாந்து ஓட்டுப் போட்டவர்கள் பொறுப்பானவர்கள். ஏமாறாதவர் கோபக்காரர், அதிபராகும் பக்குவம் போதாதவர். மே 26-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் இராக் செய்திகளில் கறார் போதவில்லை என்று வாசகர்களிடம் ஒத்துக்கொண்டது. ஆகஸ்டில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ முறை: போருக்கு முந்தி, சந்தேகம் எழுப்பிய செய்திகளை உள்பக்கங்களில் ஒதுக்கிவிட்டோம் என்று எழுதியது. அதற்குள் டிக்கெட் கெர்ரி கைக்குப் போயாகிவிட்டது.

இவர்கள் போடும் மார்க்கே ஒரு விசித்திரம். 1972-ல் நியூ ஹாம்ப்ஷயரில் மஸ்கி 46 சதவிகிதம் வாங்கி ஜெயித்தார். எதிர்பார்த்த அளவு வரவில்லை, ஆகவே தோல்வி என்று எழுதினார்கள். அதே ஊரில் 1992-ல் கிளின்டன் 25 சதவிகிதம் வாங்கி இரண்டாவதாக வந்தார். ‘மீண்டு வந்த பையன்’ என்று அவர் தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொள்ள, இவர்களும் அதையே பாடினார்கள். 33 சதவிகிதம் வாங்கி ஜெயித்த சாங்கஸ் பெயர் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

டீன் 2005-ல் கட்சியின் தேசியத் தலைவரானார். ஐம்பது மாநிலத்துக்கும் ஆள் அனுப்பிக் கட்சியைக் கட்டினார். 2006-ல் இரண்டு அவைகளும் டெமாக்ரடிக் கட்சி வசம். அந்த வேலையை யாரும் 633 தடவை காட்டவில்லை. அதில் கத்தல் கிடையாதே!

டி.வி.க்காரர்கள் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். 2016 பிரைமரி நேரத்தில் சி.பி.எஸ். தலைவர் லெஸ் மூன்வெஸ், டிரம்ப்பால் கொட்டும் விளம்பர வருமானத்தைப் பற்றி முதலீட்டாளர்கள் கூட்டத்தில் பேசும்போது, இது அமெரிக்காவுக்கு நல்லதாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் சி.பி.எஸ்.ஸுக்குப் பிரமாதமாக இருக்கிறது என்றார். அடுத்த மாதம், மார்ச் 15 ராத்திரி, பீனிக்ஸ் நகரில் பெர்னி சாண்டர்ஸ் ஆயிரக்கணக்கானோர் முன்னால் பேசிக்கொண்டிருந்தார். சி.என்.என்., ஃபாக்ஸ், எம்.எஸ்.என்.பி.சி. மூன்றும் அதை நேரலையில் காட்டவில்லை. ஃப்ளோரிடாவில் டிரம்ப் இன்னும் வந்து சேராத மேடையையும், ஆள் இல்லாத மைக்கையும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.