உயிருள்ள பல்லுக்கு எந்த சிமெண்ட்?

சொத்தையைச் சுரண்டிக்கொண்டே போகும்போது அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால், பல்லின் கூழ் திறந்துகொண்டது என்று அர்த்தம். இரத்தக் குழாயும் நரம்பும் நிறைந்த இந்தத் திசுவைத்தான் நோயாளிகள் ‘பல் நரம்பு’ என்கிறார்கள். அந்தப் புள்ளியைக் கண்டதுமே ரூட் கெனால் என்று முடிவுகட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூழ் உயிரோடு இருந்து, கசியும் இரத்தமும் நின்றுவிட்டால், அதன் மேல் தகுந்த சிமெண்டை வைத்து மூடிக் காப்பாற்ற முடியும். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் வளர்ந்து முடிய ஒன்பது, பத்து வயதாகிவிடும். அதற்கு முன்பே கூழை எடுத்துவிட்டால் வேரின் சுவர் மெலிதாகவே நின்றுவிடும். பிறகு ஒருநாள் எதையாவது கடிக்கும்போது முறியும்.

அப்படிக் காப்பாற்ற எந்தப் பொருள் நல்லது? கால்சியம் ஹைட்ராக்சைடு, எம்.டி.ஏ., பயோடென்டின் மூன்றையும் கையில் எடுத்துக் குழைத்து, பல்லில் வைத்து, பிறகு எக்ஸ்ரேயில் பின்தொடர்ந்து வருகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

மூத்தது கால்சியம் ஹைட்ராக்சைடு. ஜெர்மனியின் ஹெர்மன் 1920-இல் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தது. டைகால் போன்ற பெயர்களில் இரண்டு சின்ன டியூபாக வரும். இரண்டிலிருந்தும் சம அளவு பிதுக்கி, காகிதத்தில் வைத்துக் குழைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். மூன்றிலும் விலை குறைந்தது இதுதான், கையாளவும் சுலபம். இதன் காரத்தன்மை மிக அதிகம், பி.ஹெச். 12.5 வரை போகும். கூழின் மேற்பரப்பில் மெல்லிய ஒரு படலத்தை அந்தக் காரம் பொசுக்கிவிடும். அதற்குக் கீழே உள்ள உயிருள்ள செல்கள் விழித்துக்கொண்டு புது டென்டினை, அதாவது பல்லின் உள் கடினத் திசுவை, கட்டத் தொடங்கும். சிக்கல் அதன் பிறகுதான். இந்தப் பசை டென்டினோடு ஒட்டாது. காலப்போக்கில் கரைந்து, அடைப்புக்குக் கீழே வெற்றிடம் உண்டாக்கும். புதிதாகக் கட்டப்படும் டென்டின் பாலத்திலும் நுண்ணிய துளைகள் நிறைய இருக்கும். மேலே அடைப்பு எங்காவது கசிந்தால் கிருமிகளுக்கு அந்தத் துளைகளே வழி.

எம்.டி.ஏ. (மினரல் டிரையாக்சைடு அக்ரிகேட்) வந்த பிறகுதான் இந்தச் சிகிச்சையில் நம்பிக்கையே பிறந்தது. அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் குழுவினர் உருவாக்கி, 1993-இல் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். மூலப்பொருள் என்னவென்றால், வீடு கட்டும் போர்ட்லாண்ட் சிமெண்ட் வகையைச் சுத்திகரித்தது. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அதில் பிஸ்மத் ஆக்சைடு சேர்த்தார்கள். தண்ணீர் பட்டால்தான் இறுகும் என்பதால், எப்போதும் ஈரமாக இருக்கும் கூழின் மேல் வைக்க இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது. இறுகும்போது உள்ளிருந்து வெளிவருவதும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆனால் இங்கே சிமெண்ட் கரைந்து காணாமல் போவதில்லை. பல்லோடு நெருங்கி நின்று, கசிவை அடைத்துக்கொண்டே மருந்தை விடுகிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் கூடுதல் விலை.

கையாள்வதில் மட்டும் எம்.டி.ஏ. நம் பொறுமையைச் சோதிக்கும். மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு நீர் என்று குழைத்தாலும், ஈர மணலை ஸ்பாட்டுலாவில் அள்ளுவது போல உதிரும். நீர் கூடினால் ஓடும், குறைந்தால் பொடியும். முதலில் வந்த வகை முழுதாக இறுக 2 மணி 45 நிமிடம் ஆகும். அதனால் ஈரப் பஞ்சை வைத்து, தற்காலிகமாக அடைத்து, இன்னொரு நாள் நோயாளியை வரச் சொல்ல வேண்டியிருந்தது. சுமார் 15 நிமிடத்தில் இறுகும் வகைகள் பின்னால் வந்தன. ஒருமுறை திறந்த பாக்கெட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு கெட்டுப்போகும். மழைக்காலத்தில் மீதித் தூளைச் சேர்த்து வைப்பதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை நிறம். பிஸ்மத் ஆக்சைடு, நாம் கழுவப் பயன்படுத்தும் சோடியம் ஹைப்போகுளோரைட்டோடு சேர்ந்தால் கருத்துவிடும். வெள்ளை எம்.டி.ஏ. என்று 2002-இல் வந்ததும் இதற்கு விலக்கல்ல. முன்பல்லில் வைத்தால் சில மாதங்களில் ஈறின் ஓரம் சாம்பல் நிழல் படரும். பல் உயிரோடு இருக்கும், ஆனால் நோயாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அதனால் முன்பல்லில் பிஸ்மத் கலந்த எந்த எம்.டி.ஏ.வையும் நான் வைப்பதில்லை.

அந்த இடத்துக்குத்தான் பிரான்சின் செப்டோடான்ட் நிறுவனம் தந்த பயோடென்டின். இதுவும் டிரைகால்சியம் சிலிக்கேட்தான். எக்ஸ்ரேக்காகப் பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு, சீக்கிரம் இறுக நீரில் கால்சியம் குளோரைடு. கேப்சூலை மேசையில் லேசாகத் தட்டித் தூளைத் தளர்த்த வேண்டும். திறந்து ஐந்தே ஐந்து சொட்டு திரவம் விட்டு, மூடி, அமால்கமேட்டர் கருவியில் 30 வினாடி குலுக்க வேண்டும். இந்தச் சொட்டுக் கணக்கை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சொட்டோடு காற்றுக் குமிழி வந்துவிட்டால் ஐந்து என்று எண்ணினாலும் அளவு குறையும்; கலவை கரகரப்பாக வரும். ஆறாவது சொட்டு விழுந்தால் இளகி ஓடும், இறுகத் தாமதமாகும். சரியாக வந்தால் வழவழப்பாக, அள்ளினால் நிற்கும் பதத்தில் இருக்கும். கூழின் மேல் மெதுவாக வைத்து, அழுத்தாமல், 12 நிமிடம் காத்திருந்தால் போதும்.

வலிமையில் டென்டினை நெருங்குவதால், குழி முழுவதையும் இதாலேயே அடைத்து, சில மாதம் விட்டுப் பார்த்து, பல் அமைதியாக இருந்தால் மேல்பகுதியை மட்டும் குறைத்துப் பல் நிற அடைப்பான காம்போசிட் போடலாம். இந்த வசதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் புதிதாக இறுகிய பயோடென்டின் மேல் உடனே காம்போசிட் ஒட்டினால் பிடிப்பு குறைவாகவே இருக்கும். எக்ஸ்ரேயிலும் டென்டினைப் போலவே மங்கலாகத் தெரிவதால், பிற்காலத்தில் பார்க்கும் வேறு மருத்துவர் குழம்பலாம். கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பது அவசியம். ஒரு பல்லுக்கு ஒரு கேப்சூல். மீந்தாலும் வைத்துக்கொள்ள முடியாது. செலவு ஏறுவது இங்கேதான்.

ஒளி காட்டி நொடியில் இறுக்கும் தெராகால் போன்ற ரெசின் கலந்த வகைகளும் கிடைக்கின்றன. வேலை வேகமாக முடியும். ஆனால் இறுகாமல் மிஞ்சும் ரெசின் திறந்த கூழின் மேல் நேரடியாகப் படுவதை நான் விரும்புவதில்லை. ஐரோப்பிய எண்டோடான்டாலஜி சங்கத்தின் 2019 அறிக்கையும் திறந்த கூழுக்கு நீரில் இறுகும் சிலிக்கேட் சிமெண்டையே சொல்கிறது.

அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் வழக்கமான கிளினிக்குகளிலேயே நடத்தி 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் கால்சியம் ஹைட்ராக்சைடு 31.5 சதவீதம் தோற்றது, எம்.டி.ஏ. 19.7 சதவீதம். வித்தியாசம் தெளிவு. ஆனால் நல்ல சிமெண்டிலும் ஐந்தில் ஒன்று தோற்றிருப்பதைக் கவனியுங்கள். இதற்கு நேர்மாறாக, ஸ்வீடனின் மியோமிர் ஸ்வெக் 1978-இல் பதிவு செய்தது: விழுந்து உடைந்த நிரந்தர முன்பற்களில் மேலே 2 மில்லிமீட்டர் அளவு கூழை மட்டும் நீக்கி, அதே பழைய கால்சியம் ஹைட்ராக்சைடை வைத்ததில், 60 பற்களில் 58 குணமாயின. அடிபட்ட பல்லில் கிருமி ஆழமாகப் போயிருக்காது; ஆழச் சொத்தையில் போயிருக்கும். 1965-லேயே ககெஹாஷி குழுவினர் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்துத் திறந்தே விட்டார்கள். கூழ் அழியவில்லை, தானே பாலம் கட்டியது. சாதாரண எலிகளில் கூழ் அழுகியது.

ஆகவே எச்சிலைத் தடுக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேமைக் கட்டாமல், எச்சில் ஊறும் குழியில் விலை உயர்ந்த சிமெண்டைக் கொட்டுவதில் பயனில்லை. ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை வைத்து ஐந்து, பத்து நிமிடத்தில் இரத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் கூழின் அழற்சி ஆழமாக இருக்கிறது; இன்னும் கொஞ்சம் கூழை எடுக்க வேண்டும். அன்றைக்கே கசியாத அடைப்பும் வேண்டும்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். உடைந்த முன்பல்லுக்குப் பயோடென்டின். கடைவாய்ப் பல்லுக்குப் பயோடென்டின், எம்.டி.ஏ. இரண்டும் சரி, செலவையும் நேரத்தையும் பார்த்து முடிவு செய்யலாம். திறந்த கூழின் மேல் கால்சியம் ஹைட்ராக்சைடை, வேறு எதுவுமே கிடைக்காத இடத்தில் மட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பல் உடைந்து சிவப்புப் புள்ளி தெரிந்தால் அன்றே கூட்டி வாருங்கள். ஓரிரு நாள் தாமதமாகிவிட்டாலும் இனிப் பயனில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ரூட் கெனால் என்று சொன்னால், நரம்பை உயிரோடு வைக்க வாய்ப்பு உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிகிச்சைக்குப் பிறகு வலியே இல்லாவிட்டாலும் ஆறாவது மாதமும் ஓராண்டு முடிவிலும் எக்ஸ்ரேக்கு வரத் தவறாதீர்கள்.