இரண்டு நாற்காலி, ஒரு சிறுமி

கல்யாண மண்டப மேடையில் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். இது செஞ்சியில் என் அக்கா மகள் போகிற கராத்தே வகுப்பின் ஆண்டு விழா. ஒரு நாற்காலியில் வலது குதிகால், இன்னொன்றில் இடது குதிகால், நடுவே அந்தரத்தில் பத்து வயதுப் பெண், கைகூப்பியபடி. சபையில் நூறு செல்போன்கள் உயர்ந்தன. என்னுடையதும்தான். பொய் சொல்வானேன்!

நான் சங்கீத சீஸனுக்கு விமரிசனம் எழுதுகிற ஆள் இல்லை. படித்தது பி.காம். ஆனால் மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு நாலு வார்த்தை சொல்ல உரிமை உண்டுதானே?

முதலில் நல்லது. இரண்டு பையன்கள் சிலம்பம் சுற்றினார்கள். கம்பு தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது. அன்றைய நிகழ்ச்சியில் அதுதான் அசல் சரக்கு. குட்டிப் பிள்ளைகள் வரிசையாக நின்று செய்த 'கட்டா' அழகு. பிறகு ஓடு உடைத்தார்கள். விரல் மேல் பைக் ஏற்றினார்கள். டியூப் லைட்டை ஒருவர் முதுகில் உடைத்தார்கள். இதெல்லாம் எந்தத் தற்காப்புக்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ரோட்டில் உங்களை வம்புக்கு இழுப்பவன் டியூப் லைட்டோடு வருவானா என்ன?

சிறப்பு விருந்தினர் பேசினார். கராத்தேயைக் கண்டுபிடித்ததே தமிழன், காஞ்சியிலிருந்து போதிதர்மர் கொண்டுபோனது என்றார். 'ஏழாம் அறிவு' வந்த 2011-லிருந்து இந்தப் பேச்சு இல்லாத விழா கிடையாது. போதிதர்மர் ஷாவோலினில் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் தசைப் பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஆராய்ச்சியாளர்கள் கணக்கு. அவர் காலமோ அதற்கு ஆயிரம் வருஷம் முந்தியது. கராத்தே ஒகினாவாவின் சொத்து. அந்தப் பழைய கராத்தேயில் உதை இடுப்புக்கு மேலே போவதே அபூர்வம். தலை உயரத்துக்கு உதைப்பது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. அதை ஊர் ஊராகப் பரப்பியது சினிமா.

'எண்டர் தி டிராகன்' 1973-ல் வந்ததிலிருந்து நமக்கெல்லாம் உதை என்றால் புரூஸ் லீ. அவரே நிஜச் சண்டைக்கு முழங்காலையும் முன்னங்காலையும் குறிவைக்கிற தாழ்வான உதையைத்தான் நம்பினார். உயரமான உதை காமிராவுக்கு. இன்னொன்று தெரியுமா? 1970-ல் ஒருநாள் சரியாக வார்ம்-அப் செய்யாமல் தோளில் பளுவை வைத்துக் குனிந்து நிமிர்ந்ததில் அவர் முதுகு போயிற்று. இனி உதைக்கவே முடியாது என்றார்களாம் டாக்டர்கள். மாதக்கணக்கில் படுக்கை. புரூஸ் லீக்கே அந்தக் கதி.

நாற்காலி ஐட்டத்துக்கு மூலவர் வேறு ஒருவர். ழான் க்ளோத் வான் டாம். 2013-ல் வால்வோ விளம்பரத்தில் பின்னோக்கி ஓடும் இரண்டு லாரிகளுக்கு நடுவே காலை விரித்து நின்றாரே, அவர். அப்போது அவருக்கு வயது 53. அந்த நிதானத்துக்குப் பின்னால் பதினாறு வயதில் தொடங்கிய ஐந்து வருஷ பாலே பயிற்சி இருக்கிறது. விளம்பரத்தில் அது தெரியாது. லாரியும் காலும்தான் தெரியும்.

விழா முடிந்து இறங்கும்போது அவள் மேடைப் படியில் பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாகக் கால் வைத்தாள்.

"மாமா, வீடியோ எடுத்தீங்களா?"

"எடுத்தேன்டா. வலிக்குதா?"

"வலிச்சா வெளிய சொல்லக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு."

அக்காவிடம் கேட்டேன். "வலிச்சாத்தான்டா கால் தொறக்கும். மேல ஏறி மிதிச்சு விடுவாரு. ஆரம்பத்துல அழுதா. இப்ப பழகிடுச்சு" என்றாள், ஏதோ மூக்குக் குத்தின கதை மாதிரி.

மறுநாள் காலை ராஜகிரி ஏறலாம் என்று கிளம்பினோம். மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், மிச்சம் ஒன்று நம் செஞ்சி. எண்ணூறு அடி உயரம் இருக்கும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறைப் பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம். அதை எடுத்துவிட்டால் கீழே இருக்கிறவன் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். மொகலாயப் படையே ஏழெட்டு வருஷம் இந்தக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்து, 1698-ல்தான் பிடித்தது. இதையெல்லாம் அவளுக்குச் சொல்லி அசத்த ஒரு உரையே தயாரித்து வைத்திருந்தேன். பாதி வழி கூடப் போகவில்லை. வலது தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். காலேஜ் நாட்களில் நானும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். எந்த ஊர், யார் என்பதெல்லாம் வேண்டாம். சுவரில் முதுகை ஒட்டி உட்கார வைத்து, இரண்டு சீனியர்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். இன்றைக்கும் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் எழுந்துவிடுவேன்.

விஷயம் இதுதான். காலை அகட்டும்போது தடுப்பது இறுக்கமான தசை மட்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தொடை எலும்பின் தலை இடுப்பெலும்புக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாதம் நேராக முன்னே பார்க்க, இடுப்பும் நிமிர்ந்திருக்க, காலைப் பக்கவாட்டில் அகட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எலும்பு எலும்பில் இடிக்கும். அங்கே மேலே ஏறி மிதித்தால் எலும்பு வழிவிடுமா? இடுப்பை முன்பக்கம் சாய்த்தாலோ, கால்விரல் கூரையைப் பார்க்கத் திருப்பினாலோ வழி கிடைக்கும். கிண்ணத்தின் ஆழமும் கோணமும் ஆளுக்கு ஆள் வேறு. தசைக்கும் ஒரு குணம் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடாமலிருக்கத் தானாகவே சுருங்கிக்கொள்ளும். அப்போது இழுப்பவர் ஒரு பக்கம், தசை ஒரு பக்கம். வளர்கிற பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். தசைநார் எலும்பில் ஒட்டுகிற இடம் இன்னும் முற்றாத குருத்தாக இருக்கும். பலமாக இழுத்தால் நாருக்கு முன்னால் அந்த எலும்புத் துணுக்கே பிய்ந்து வரலாம்.

தாமஸ் குர்ஸ் என்பவர் நீட்சிப் பயிற்சி பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு சோதனை உண்டு. இடுப்பு உயர மேஜைக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு காலை மட்டும் நேராக அதன் மேல் வைக்க வேண்டும். இடுப்பும் காலும் ஸ்ப்ளிட்டில் இருக்கிற அதே நிலையில். பிறகு மறு கால். இரண்டும் தனித்தனியாக வந்தால் ஸ்ப்ளிட்டும் வரும். ஏனென்றால் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு ஓடுகிற தசை என்று ஒன்று கிடையவே கிடையாது! எனக்கு இது ஐந்தொகை சரிபார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவின் சமையல் மேடையில் பார்த்தோம். இடது கால் பூ மாதிரி ஏறியது. வலது கால் முக்கால்வாசியில் நின்றுவிட்டது. சரி, உதையாவது வருகிறதா? இடது காலைக் கையால் தூக்கினால் காது வரை வந்தது. கையை விட்டதும் இடுப்புக்கு இறங்கிவிட்டது. உதை என்பது கை விட்ட பிறகு மிஞ்சுகிற உயரம்தானே? அதற்குக் காலைத் தூக்குகிற தசைக்கு வலு வேண்டும். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

மேடையில் பார்த்த உதைகளின் குறையும் அப்போதுதான் பிடிபட்டது. சுழற்றி உதைக்கும்போது நிற்கிற காலின் குதிகால் எதிராளியைப் பார்க்கத் திரும்ப வேண்டும். அப்போதுதான் இடுப்பு திறக்கும். பிள்ளைகளின் குதிகால் தரையில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. உடம்பைப் பின்னால் சாய்த்து உயரத்தை வாங்கினார்கள். முறுக்கு முழுக்க முழங்காலில்.

உயரம் மட்டும் வந்தால் போதுமா? 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கராத்தே இறுதிப் போட்டி. சவூதியின் தாரிக் ஹாமிதி 4-1 என்று முன்னணி. தலைக்கு ஒரு உதை விட்டார், பிரமாதமான உதை. ஈரானின் சஜாத் கஞ்ஜாதே மயங்கி விழுந்தார். தேவைக்கு மீறிய பலம் என்று ஹாமிதியைத் தகுதிநீக்கம் செய்து, ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம் கொடுத்தார்கள்.

நம் பக்கத்திலேயே பார்க்க வேண்டியது களரிப் பயிற்று. அங்கே ஆரம்பமே கால் வீச்சுதான். நேர்கால், கோண்கால் என்று நடந்துகொண்டே வீசி வீசி, நாள்பட உயரத்தை வாங்குகிறார்கள். கால் தன் பலத்தில் தானே மேலே போகிறது. அங்கேயும் ஆசான் சிஷ்யனைக் காலால் மிதிப்பது உண்டு. மழை பெய்கிற கர்க்கடக மாதத்தில், நமக்கு ஆடி, உடம்பு முழுக்க எண்ணெய் தடவி, மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துத் தன் எடையைத் தானே சுமந்துகொண்டு மிதிக்கிறார். எழுபது கிலோ மாஸ்டர் அப்படியே பத்து வயசுத் தொடையில் ஏறி நிற்பதும் இதுவும் ஒன்றா?

சாயங்காலம் மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். ஆனால் மனிதர் நல்லவர். பீஸ் கட்ட முடியாத நாலைந்து பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லித் தருகிறார். "எங்க மாஸ்டர் எங்களுக்குச் செஞ்சதத்தான் சார் நானும் செய்யுறேன்" என்றார். மேஜைச் சோதனையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுந்து தானே செய்து பார்த்தார். அவருக்கும் வலது கால்தான் ஏறவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பதினெட்டு வயசுலேர்ந்து இந்தப் பக்கம் ஒரு பிடிப்பு உண்டு சார். வெளிய சொன்னதில்ல" என்றார்.

வகுப்பு முதல் பத்து நிமிஷம் ஓட்டம், பிறகு கால் வீச்சு, உட்கார்ந்து நீட்டுவதெல்லாம் கடைசியில் உடம்பு சூடாக இருக்கும்போது என்று மாற்றிப் பார்க்கச் சொன்னேன். உதைக்கப் போகும் முன் ஒரே நிலையில் அறுபது நொடிக்கு மேல் நீட்டிப் பிடித்தால் கொஞ்ச நேரத்துக்குத் தசையின் விசை குறைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்வதையும் சொன்னேன். தலையாட்டினார். "ஆனா அந்த நாற்காலி ஐட்டத்தப் பார்த்துத்தான் சார் புது அட்மிஷன் வருது" என்றார். பி.காம். படித்தவனுக்கு அதற்கு மேல் பேச வாய் வரவில்லை.

எலும்பு டாக்டர் அவளுக்கு மூன்று வாரம் ஓய்வு என்றார். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைப் பிடிப்புதான். நேற்று அக்கா போன் செய்தாள். வகுப்பில் ஓட்டம் தொடங்கிவிட்டதாம், யார் மேலும் ஏறி மிதிப்பதில்லையாம். அடுத்த ஆண்டு விழாவில் நாற்காலி உண்டா என்று கேட்டேன்.

"அது தெரியலைடா. ஓடு உடைக்கிறது நிச்சயம் உண்டு. ஓட்டுக்கு ஸ்பான்சர் கெடச்சிட்டாராம்."