கையில் எண்பதாயிரம், சொல்வது எவ்வளவு?

ஜொகூரில் ஸ்கூடாயிலோ மாசாயிலோ புது வீட்டுக்குச் சாவி வாங்கிய ஒருவரிடம் ரெனோவேஷனுக்கு எவ்வளவு ஆனது என்று கேளுங்கள். "அறுபதாயிரம் வெள்ளிக்குப் பேக்கேஜ் பேசினோம், எண்பதைத் தாண்டிவிட்டது" என்று இரண்டே எண்களில் முடித்துவிடுவார். மதுரையில் இதைக் கேட்டால் பதில் சாப்பாட்டு நேரம்வரை நீளும்: பிளைவுட் இவ்வளவு, ஆசாரி கூலி இவ்வளவு, கீல் கைப்பிடி இவ்வளவு, நடுவில் மைக்கா விலை ஏறியது இவ்வளவு. யாழ்ப்பாணத்தில் கேட்டால் உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வருவார்கள்.

மூன்று இடத்திலும் செலவு மீறத்தான் செய்கிறது. எதில் மீறியது என்று சொல்ல முடிகிறதா என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. வேலை நடக்கும் பகல்பொழுதில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்தே அந்த வேறுபாடு உண்டாகிறது என்பது என் கணிப்பு.

தமிழ்நாட்டு முறை, ஆள் கூடவே நிற்பதை நம்பியது. அங்கே நெடுநாளாக இரண்டு வகை ஒப்பந்தம் உண்டு. பொருளோடு சேர்த்துக் கொடுப்பது ஒன்று. கூலியை மட்டும் பேசிவிட்டுப் பொருளை வீட்டுக்காரரே வாங்கிப் போடுவது இன்னொன்று. இரண்டாவதை விரும்புகிறவர்கள் பிளைவுட் கடைக்குத் தாங்களே போகிறார்கள். பலகையில் ஐ.எஸ். 303 முத்திரையா, தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரையா என்று புரட்டிப் பார்க்கிறார்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே 710, படுக்கையறை அலமாரிக்கு 303 போதும் என்று பிரித்து வாங்கினாலே ஒரு தொகை மிச்சம். ஓய்வுபெற்ற அப்பா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எத்தனை பலகை வந்தது, எத்தனை வெட்டினார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். அந்த நோட்டுதான் அங்கே பட்ஜெட்.

இதில் ஓட்டைகளும் உண்டு. ஆசாரிக்கும் சில டிசைனர்களுக்கும் கடைக்காரர் தரும் கமிஷன் வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. பில்லோடு வேண்டுமா, பில் இல்லாமலா என்ற கேள்வி வந்ததும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சம்பிடித்த மகிழ்ச்சியில் பலர் பில்லை விட்டுவிடுகிறார்கள். பலகை உப்பிக்கொண்டால் காட்டுவதற்குத் துண்டுச் சீட்டுகூட இருக்காது. டிசைனரின் சம்பளத்தை மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசும் வழக்கமும் இருக்கிறது. செலவு கூடினால் சம்பளமும் கூடும் என்றால் செலவைக் குறைக்கச் சொல்ல அவருக்கு என்ன அவசரம்? அங்கே ஆர்க்கிடெக்ட் என்ற பெயருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவல் உண்டு. இன்டீரியர் டிசைனர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். நம் மலேசியாவில் 1967ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டத்தை 2007இல் திருத்தி, இன்டீரியர் டிசைனர்களையும் பதிவுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

ஆள் நின்று செய்யும் இந்த முறையின் உச்சம் லாரி பேக்கர். 1945இல் இந்தியாவுக்கு வந்த அந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், திருவனந்தபுரத்தில் கொத்தனார்களோடு தானும் நின்று, இடத்திலேயே முடிவெடுத்துச் செலவைக் குறைத்தார். அவரைப் போல வேலையிடத்தில் நிற்க யாரும் இல்லாதபோது என்ன ஆகும்? பெங்களூரே பதில் சொல்லிவிட்டது. கணவன் மனைவி இருவருமே ஐ.டி. கம்பெனிக்குப் போய்விடும் அந்த ஊரில்தான் லிவ்ஸ்பேஸ், ஹோம்லேன் போன்ற பேக்கேஜ் நிறுவனங்கள் 2014 வாக்கில் கிளம்பின. நாற்காலி போட ஆள் இல்லாத வீட்டில் நோட்டுப் பட்ஜெட் நடக்காது.

இலங்கை முறை தமிழ்நாட்டு முறைக்கு நேர்மாறு. அங்கே பி.ஓ.கியூ. என்ற அளவுப் பட்டியல் பலருக்கும் பழக்கம். வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி மதிப்பீட்டைக் கேட்கும். பணத்தையும் வேலை நடக்க நடக்கத் தவணையாகத்தான் விடும். இந்தப் பட்டியலைப் போடும் குவாண்டிட்டி சர்வேயர் வேலை அங்கே தனித் தொழில். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வளைகுடா நாடுகளில் இந்த வேலை பார்க்கும் இலங்கையர்கள் ஏராளம். இந்தியாவில் இந்தத் தொழில் அப்படி வேர்பிடிக்கவில்லை. சிவில் என்ஜினியர்தான் எஸ்டிமேட்டும் போடுகிறார்.

வடக்கில் இந்தப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் சேர்ந்துகொண்டது. பணம் டொரன்டோவிலோ லண்டனிலோ இருந்து வரும். வேலையைப் பார்ப்பவர் ஊரிலுள்ள மாமாவோ சித்தப்பாவோ. "தம்பி, டைல்ஸுக்கு அனுப்பின காசு முடிஞ்சுது" என்று தொலைபேசியில் சொன்னால் மட்டும் அடுத்த தவணை வந்துவிடாது. எத்தனை சதுர அடி, சதுர அடிக்கு எவ்வளவு, மேசனுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று தாளில் வர வேண்டும். உறவுக்குள் சண்டை வராமல் காப்பது பாசத்தைவிட அந்தத் தாள்தான் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தத் தாளுக்கு உண்மையான சோதனை 2022இல் வந்தது. மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாயை ஒட்டி இருந்த மதிப்பு, மே மாதத்துக்குள் 360 வரை சரிந்தது. டைல்ஸ், குளியலறைச் சாமான்களின் இறக்குமதிக்கு ஏற்கெனவே கட்டுப்பாடு. 2021இல் ஆயிரம் ரூபாயைச் சுற்றி விற்ற சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தொட்டது. பட்டியலில் இருந்த விலைகள் அத்தனையும் பொய்யாயின. ஆனால் அளவுகள் பொய்யாகவில்லை. முன்னூறு சதுர அடித் தரை நெருக்கடியிலும் முன்னூறு சதுர அடிதான். ஆகவே எந்த வரியை வெட்டுவது, எதை உள்நாட்டுச் சரக்குக்கு மாற்றுவது, எதை இரண்டு வருடம் தள்ளிப்போடுவது என்று பட்டியல் வைத்திருந்தவர் உட்கார்ந்து முடிவெடுக்க முடிந்தது. விலையும் அளவும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பதன் பலன் இதுதான்.

இலங்கை முறையையும் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத ஒரு சின்ன வேலைக்கும் புது விலை பேச வேண்டும். ரசனை மாறினால் தாள் முழுவதும் மாறும். பலகையைப் புரட்டிப் பார்க்கும் மதுரைக் கண் அந்தத் தாளுக்குக் கிடையாது.

இப்போது நம் ஜொகூர். விடிவதற்கு முன்பே பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போய் இருட்டிய பிறகு திரும்பும் குடும்பங்கள் இங்கே எத்தனையோ. மதுரை அப்பாவைப் போல நாற்காலி போட இங்கே ஆள் கிடையாது. பணம் ஓரிடத்தில், வேலை ஓரிடத்தில் என்ற நிலையில் நாம் யாழ்ப்பாணத்துக்குத்தான் நெருக்கம். ஆனால் அவர்களுடைய தாளும் நம்மிடம் இல்லை. ஐ.டி. என்று இங்கே சொல்லப்படும் இன்டீரியர் டிசைனர்கள் மூன்று பரிமாணப் படத்தைக் கணினியில் காட்டுகிறார்கள்; அடியில் ஒரு மொத்தத் தொகை; டிசைன் இலவசம். இலவசம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்றால், கேபினெட் விலைக்குள்.

கேபினெட்டுக்கு அடி நீளத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்வது நம் ஊர் வழக்கம். பத்தடி கேபினெட் என்றால் அதில் இழுப்பறை எத்தனை, உள்பலகை பிளைவுட்டா, மெலமைன் ஒட்டிய துகள் பலகையா, கீல் எந்த வகை என்று அந்த அடிக்கணக்குச் சொல்வதில்லை. ஒரே பத்தடிக்கு இரண்டு ஐ.டி.க்கள் இரண்டு விலை சொன்னால், குறைந்தது மலிவு என்று முடிவுகட்டிவிடுகிறோம். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும்: பழைய டைல்ஸ் உடைத்த குப்பைக்கு ரோரோ தொட்டி, மாநகர் மன்ற அனுமதி, ஏர்கானுக்குக் கூடுதல் மின் இணைப்பு, சமையலறையைப் பின்னால் இழுத்தால் கூரை, கிரில். மாறுதல் ஆணை என்ற பெயரில் வரும் ஒவ்வொரு தாளுக்கும் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை, ஏனென்றால் வீடு பாதி உடைந்து கிடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், குவாண்டிட்டி சர்வேயிங்கைப் பட்டப்படிப்பாகச் சொல்லித்தரும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நம் ஸ்கூடாயிலேயே இருக்கிறது. அந்தத் தொழிலுக்கு 1967 முதல் தனிச் சட்டமும் உண்டு. கோபுரம் கட்டுகிறவர்கள் அளவுப் பட்டியல் இல்லாமல் ஒரு செங்கல்லையும் தொட மாட்டார்கள். வளாகத்துக்கு வெளியே உள்ள தாமான் வீட்டுக்காரர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

எண்பதாயிரம் வெள்ளி கையில் இருப்பவர் என்ன செய்யலாம்? எட்டாயிரத்தை எதிர்பாராததற்கு என்று எடுத்து வேறு கணக்கில் போட வேண்டும். பழைய வீடு என்றால் அதை இரட்டிப்பாக்க வேண்டும், சுவரை உடைத்த பிறகுதான் குழாயின் கோலம் தெரியும். ஏர்கான், திரைச்சீலை, விளக்கு, கட்டில், சாமி மேடை, அனுமதிக் கட்டணம் என்று ஐ.டி.யின் தாளில் வராதவற்றுக்குப் பதினேழாயிரம் வைத்துக்கொண்டால் மீதி ஐம்பத்தைந்தாயிரம். ஐ.டி.யிடம் சொல்ல வேண்டிய எண் இது. நம்மவர்களில் பலர் நாற்பது என்று குறைத்துச் சொல்லிப் பேரம் பேசப் பார்க்கிறார்கள். நாற்பதுக்கு வரைந்த படம் நமக்குப் பிடிக்காது. பிடித்ததை எல்லாம் பின்னால் சேர்த்துச் சேர்த்து, போட்டி விலையே இல்லாமல், எழுபதில் போய் நிற்போம். எண்பது என்று உள்ளதைச் சொன்னால் எண்பதுக்கும் படம் வந்துவிடும்.

அந்த ஐம்பத்தைந்தாயிரத்தை மொத்தத் தொகையாக வாங்காமல், அறைவாரியாக அளவு, பொருள், விலை என்று மூன்று பத்தியில் எழுதி வாங்க வேண்டும். இது இலங்கையிடம் கடன் வாங்க வேண்டியது. பொருள் என்ற பத்தியில் பலகையின் வகை, கனம், கீலின் பிராண்ட் இருக்கட்டும். பலகை வந்து இறங்கும் அன்று மட்டும் ஒருவர் விடுப்பு எடுத்துப் பார்த்தால் போதும். மதுரைக்காரரின் நோட்டில் நமக்கு இயலக்கூடியது அந்த ஒரு நாள்தான்.

பிடித்தம் பற்றி ஒன்று. மேம்பாட்டாளரிடம் டெரஸ் வீடு வாங்கும்போது, நம் நாட்டின் சட்டப்படியான ஒப்பந்தமே விலையில் ஐந்து சதவீதத்தை வழக்கறிஞரிடம் நிறுத்திவைக்கிறது. சாவி வாங்கி எட்டு மாதத்தில் இரண்டரை சதவீதம், இருபத்துநான்கு மாதத்தில் மீதி இரண்டரை என்றுதான் அது விடுவிக்கப்படும். இலங்கைக் கட்டுமான ஒப்பந்தங்களிலும் இத்தகைய பிடித்தம் வழக்கம். அந்தப் பாதுகாப்போடு வீட்டை வாங்கியவரே, அடுத்த மாதம் ஐ.டி.யிடம் போய், கேபினெட் தொழிற்சாலைக்குப் போகும் முன்பே பாதிக்குமேல் கட்டிவிட்டு, கதவு மாட்டிய அன்றே மிச்சத்தையும் தீர்த்துவிடுகிறார். ஐம்பத்தைந்தாயிரத்தில் ஐந்து சதவீதம் 2,750 வெள்ளி. ஆறு மாதம் கழித்துத் தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். மழைக்காலம் வந்து கதவு உப்புகிறதா என்று பார்க்க அது போதுமான அவகாசம்.