ட்ரீ டாப்ஸ்: மேலிருந்து பார்த்த காடு

ஜிம் கார்பெட்டின் கடைசிப் புத்தகமான 'ட்ரீ டாப்ஸ்' ரொம்பச் சின்னது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். அவர் இறந்த அதே 1955இல் வெளிவந்தது. கென்யாவின் அபர்டேர் காட்டில், ஓர் அத்திமரத்தின் மேல் கட்டிய விடுதியில், 1952 பிப்ரவரி 5ஆம் தேதி இளவரசி எலிசபெத்தும் அவர் கணவரும் தங்கிய ஒரே ஓர் இரவைப் பற்றியது. அந்த இரவில்தான் இங்கிலாந்தில் அவருடைய அப்பா ஆறாம் ஜார்ஜ் தூக்கத்திலேயே இறந்துபோனார். இளவரசியாக மரம் ஏறியவர் ராணியாக இறங்கினார் என்ற கதை உலகம் முழுக்கப் பரவியதில் இந்தப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு.

கார்பெட் வாசகர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. புலியும் இல்லை, வேட்டையும் இல்லை, அரச குடும்பத்துக்கு ஒரு சலாம், அவ்வளவுதானே என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது முக்கியமான புத்தகம். கார்பெட்டின் எழுத்துக்கு உயிர் எங்கிருந்து வந்தது என்பதை, அந்த உயிர் குறைந்த இடத்தில் வைத்துக் காட்டுகிறது என்பதால்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். எழுபத்தாறு வயதிலும் அவர் கண் மழுங்கவில்லை. அன்று பிற்பகல் யானைக்கூட்டம் மரத்தருகே நிற்கிறது. ஆபத்துக்கு அடையாளமாகக் கூரையில் ஒரு வெள்ளைத் தலையணை உறை பறக்கிறது. இளவரசி அசராமல் நடந்துவந்து ஏணி ஏறுகிறார். துதிக்கையில் புழுதியை உறிஞ்சிப் புறாக்கள் மேல் ஊதும் குட்டியானை, ஒன்றையொன்று குத்திக்கொள்ளும் இரண்டு நீர்மான்கள், எல்லாம் வரிசையாக வருகின்றன. எல்லாரும் தூங்கப் போனபிறகு கிழவர் ஏணியின் உச்சியில் உட்கார்ந்து விடியும்வரை காவல் இருக்கிறார்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் படித்து முடித்தபோது, நல்ல ஒளிப்பதிவுள்ள ஒரு டாக்குமென்டரி பார்த்த உணர்வுதான் எனக்கு மிஞ்சியது. ஏன் என்று யோசித்தேன்.

கார்பெட்டுக்கு மரமேறி இரவைக் கழிப்பது புதிதல்ல. அவருடைய சிறந்த பக்கங்களில் பல, மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த இரவுகளிலிருந்து வந்தவை. தி.ஜ.ர. மொழிபெயர்ப்பில் 'குமாயுன் புலிகள்' படித்தவர்களுக்கு இது தெரியும். அந்த இரவுகளில் அவர் பெரும்பாலும் எதையும் பார்ப்பதில்லை, கேட்கிறார். கேளையாடு குரைத்தால் ஒரு தகவல், கடமான் கத்தினால் இன்னொன்று, எல்லாச் சத்தமும் நின்றுபோனால் அதுதான் பெரிய தகவல். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் நாங்கள் லாக் வரிகளை வைத்து என்ன நடந்தது என்று ஊகிப்போம். கிட்டத்தட்ட அதே வேலை, உயிரைப் பணயம் வைத்து.

ருத்ரபிரயாகைச் சிறுத்தையின் முடிவையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கணக்கில் மட்டும் 125 பேரைத் தின்ற சிறுத்தை. 1926 மே மாதம், குலாப்ராயில் ஒரு மாமரத்தின் மேல் கார்பெட். கீழே, கழுத்தில் மணி கட்டிய ஆடு. கும்மிருட்டு. மணி ஒலிக்கிறது, டார்ச் ஒரு கணம் எரிகிறது, துப்பாக்கி வெடிக்கிறது, டார்ச் அணைந்துவிடுகிறது. செத்ததா தப்பியதா என்று விடியும்வரை தெரியாது. நானும் அவரோடு மரத்தில் உட்கார்ந்துதான் அந்தப் பக்கங்களைப் படித்தேன். காரணம் புலியோ சிறுத்தையோ மட்டும் இல்லை. அந்த மரத்துக்குப் பின்னால் ஓர் ஊர் இருந்தது. பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கும் மனிதர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக மரத்தில் இருந்தார்.

நம் மொழியில் இதற்குப் பரண் என்ற சொல் இருக்கிறது. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்கள் ஏறும் இதணமும் அதுதான். இன்றும் காட்டோரக் கிராமங்களில் யானைக்குப் பயந்து மரத்தில் பரண் கட்டி ராக்காவல் இருப்பவர்கள் உண்டு. பரணில் இருப்பவனுக்குக் கீழே ஒரு பயிர் இருக்கும். காடு அவனுக்குக் காட்சியல்ல, பக்கத்து வீடு. சண்டை போட்டாலும் முகம் தெரிந்த பக்கத்து வீடு.

ட்ரீ டாப்ஸ் பரண் இல்லை. 1932இல் எரிக் ஷெர்புரூக் வாக்கர் என்ற விடுதிக்காரர் கட்டியது. மரத்துக்கு முன்னால் நீர்நிலை, உப்பு மண். விலங்குகள் தானாக வந்துசேரும். விருந்தாளி பால்கனியில் உட்கார்ந்தால் போதும். இன்று உலகம் முழுக்க இருக்கும் மரவீட்டுச் சுற்றுலாவுக்கு ஒரு முன்மாதிரி இது. வயநாட்டில் அப்படி ஒரு மரவீட்டில் நான் ஓர் இரவு தங்கியிருக்கிறேன். வெந்நீர், வைஃபை, மெத்தை எல்லாம் இருந்தன. காபி கொண்டுவந்தவர் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். கையேட்டில் மரங்கள், பறவைகள் பெயரெல்லாம் இருந்தன. அவருடைய ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

கார்பெட் புத்தகத்திலும் எனக்கு உறுத்துவது இதுதான். அபர்டேர் மலைத்தொடருக்குக் கிகுயு மக்கள் வைத்த பெயர் நியாண்டருவா. காயப்போட்ட தோல் என்று அர்த்தம். அங்கே 1950இல் தேசியப் பூங்கா வந்தது. சுற்றிலும் இருந்த நல்ல நிலங்களில் பெரும்பகுதி அதற்கு முன்பே வெள்ளையர் பண்ணைகளாகியிருந்தது. இளவரசி வந்துபோன எட்டாவது மாதம், 1952 அக்டோபரில், அவசரநிலை அறிவித்தார்கள். மாவ் மாவ் போராளிகளுக்கு அந்தக் காடே வீடானது. 1954இல் அவர்கள் விடுதியைக் கொளுத்தினார்கள். அந்த எரிப்பு கார்பெட்டுக்கு ஒரு பேரிழப்பு, அவ்வளவுதான். ஏன் கொளுத்தினார்கள் என்ற கேள்விக்குள் அவர் போவதில்லை. பெயரோடும் முகத்தோடும் மனதில் நிற்கிற ஒரு கிகுயு மனிதர்கூட எனக்கு இந்தப் புத்தகத்தில் கிடைக்கவில்லை.

இது 'எனது இந்தியா' எழுதியவரின் புத்தகம் என்பதுதான் விஷயம். யுவன் சந்திரசேகர் தமிழில் தந்திருக்கும் அந்த நூல் வெளிவந்ததும் 1952இல்தான். கடனில் தலைமுறை தலைமுறையாகச் சிக்கிய புத்துவை, சாமாரியை, கொள்ளைக்காரன் சுல்தானாவைக்கூட அத்தனை பரிவோடு எழுதிய கை. திருடனுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று யோசித்த மனசு. அது கென்யாவில் எங்கே போனது?

வயதானவர், நாடுவிட்டு வந்தவர், 1947க்குப் பிறகு குடியேறிய இடம், பாஷை தெரியாது என்று சொல்லலாம். நியாயம்தான். குமாயுனில் அவர் அந்த மக்களின் மொழியில் பேசி வளர்ந்தவர். நைரியில் அவர் விருந்தாளி. பரிவு என்பது வெறும் குணமல்ல. பழக்கம், மொழி, ஒரே பாதையில் நடந்த வருடங்கள் எல்லாம் சேர்ந்தது. 'ட்ரீ டாப்ஸ்' நமக்குச் சொல்லாமல் சொல்வது இதைத்தான். காட்டின் மீதான அன்பு ஒன்றே போதும், மனிதர்களைப் பற்றிய புரிதல் தானாக வரும் என்று நம்புகிற இயற்கை எழுத்தாளர்கள் தமிழிலும் இருக்கிறார்கள். அவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

கூடவே வங்காரி மாத்தாயின் 'அன்பவுட்' நூலையும் படிக்கலாம். நோபல் பரிசு பெற்ற மாத்தாய் அதே நைரிப் பகுதியில் 1940இல் பிறந்தவர். இளவரசி மரமேறியபோது அவருக்குப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அத்திமரத்தடியில் சுள்ளி பொறுக்காதே, அது கடவுளின் மரம் என்று அம்மா சொன்னதை அவர் எழுதுகிறார். பிற்காலத்தில் ஊர் திரும்பியபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது, அருகிலிருந்த ஓடையும் வற்றியிருந்தது. முகுமோ என்று கிகுயுக்கள் வணங்கும் அந்த அத்தியின் இனத்தைச் சேர்ந்ததுதான் ட்ரீ டாப்ஸைத் தாங்கிய மரமும்.

கார்பெட்டின் புத்தகத்தில் அந்த மரம் ஒரு விடுதியைத் தாங்குகிறது, பிறகு எரிந்து போகிறது. அதன் அடியில் சுள்ளி பொறுக்கக்கூடாது என்று ஒரு தாய் மகளுக்குச் சொல்லக்கூடும் என்பது ஏணியின் உச்சியிலிருந்து தெரியவில்லை. குமாயுனில் இருந்திருந்தால் அவர்தான் அதை முதலில் நமக்குச் சொல்லியிருப்பார்.