துயரும் நிறைவும்: தமிழ்ப் பக்தி மரபில் இறையன்பின் உரிமை

தமிழ்ப் பக்தி இலக்கியத்தைப் பேரின்பத்தின் வெளிப்பாடாகவே வாசிப்பது வழக்கமாக இருந்தாலும், அதன் ஆழமான பாடல்கள் பல நோய், பார்வை இழப்பு, அரச ஒறுப்பு, இறைவன் கைவிட்டுவிட்டானோ என்ற அச்சம் ஆகியவற்றின் நடுவே எழுந்தவையாகவே போற்றப்பட்டு வந்துள்ளன. ஏழாம் நூற்றாண்டின் அப்பர் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை வரை நீளும் இம்மரபில், துன்பம் தீர்ந்த பின் வரும் ஆறுதலைக் காட்டிலும், தீராத துன்பத்திலும் தாம் இறைவனுக்கு உரியவர் என்னும் உணர்வு தரும் நிறைவே முதன்மை பெறுகிறது. அவ்வுரிமையே அடியார் இறைவனிடம் முறையிடுவதற்கும் அவனிடம் அமைதி காண்பதற்கும் பொதுவான வேர் என்பதை இப்பாடல்களை ஒருசேர வைத்து நோக்கும்போது உணரலாம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம், அப்பரின் வரலாற்றை இழப்புகளின் தொடராகவே தொடங்குகிறது. பெற்றோர் இறக்க, தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போரில் மாள, உயிர்விடத் துணிந்த தமக்கையார் தம்பியின் பொருட்டே வாழ்ந்தார். சமணம் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றிருந்த தம்பி, குடலை முறுக்கும் சூலை நோயுடன் அவரை நாடித் திருவதிகைக்கு வந்து பாடியதாகக் கூறப்படும் பதிகமே நான்காம் திருமுறையின் தொடக்கமாக உள்ளது. பதிகம் என்பது பெரும்பாலும் ஒரு தலத்தையோ ஒரு கருத்தையோ பற்றிப் பத்துப் பாடல்கள் அளவில் அமையும் பாடல் தொகுதியாகும். இதில் அப்பர் வலியை மறைக்கவோ அதற்குத் தத்துவ விளக்கம் தேடவோ முற்படாமல், உடலின் வேதனையை அவ்வாறே சொல்லி அதை நீக்கும்படி கேட்கிறார். பின்னர், முதலாம் மகேந்திரவர்மன் என ஆய்வாளர் பலர் கருதும் பல்லவ மன்னன் அவரை ஏழு நாள் நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அடைத்தபோது பாடியதாக மரபு கூறும் பாடலில், வெம்மையைப் பற்றிய பேச்சே இல்லை; இசையும் நிலவும் தென்றலும் இளவேனிலும் நீர்நிலையும் இறைவனது திருவடி நிழலுக்கு ஒப்பாக வரிசைப்படுத்தப்படுகின்றன. சூலையில் நோய் தீர வேண்டிய அதே நாவு நீற்றறையில் தண்மையைப் பாடுவது முரணாகத் தோன்றினாலும், இரண்டிலும் பேசுபவர் தம்மை இறைவனின் ஆளாகவே கருதிப் பேசுகிறார்.

வைணவ மரபில் இவ்வுணர்வைக் கூர்மையாக வடித்தவர் குலசேகராழ்வார். அவருடைய பெருமாள் திருமொழியின் 105 பாசுரங்களுள், இன்றைய கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள வித்துவக்கோட்டுப் பெருமானை நோக்கிய ஐந்தாம் திருமொழி, துன்பம் தருபவனாகத் தோன்றும் இறைவனையே புகலாகக் கொள்ளும் நெஞ்சைக் காட்டுகிறது. சினந்து தள்ளும் தாயையே நினைத்து அழும் குழந்தை, அறுத்துச் சுடும் மருத்துவனிடம் மாறாத அன்பு கொண்ட நோயாளி, நடுக்கடலில் கரை காணாமல் பாய்மரத்துக்கே மீளும் பறவை என விரியும் அவ்வுவமைகளில், துன்பம் ஏன் வந்தது என்பதற்கு விடை தரப்படுவதில்லை. வேறு புகல் இல்லை என்ற தெளிவே அங்கு நிறைவாக மாறுகிறது. சரணாகதி, அதாவது முழு அடைக்கலம், என்று பிற்கால வைணவ ஆசாரியர்கள் விரித்துரைத்த கோட்பாடு இங்கே வாழ்வின் அனுபவமாக நிற்கிறது.

ஆயினும் அடைக்கலம் என்பது வாய்மூடி இருப்பதாகப் பொருள்படாது. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டு நீங்கியதால் பார்வை இழந்ததாகச் சொல்லப்படும் சுந்தரர், காஞ்சியில் இடக்கண் பெற்றபின் திருவாரூரில் மற்றொரு கண்ணுக்காகப் பாடிய பதிகத்தில், அடிமைகளை வருந்த விட்டுவிட்டு நீரே நன்றாக வாழும் என்ற பொருள்பட இறைவனைக் கடிந்துகொள்கிறார். தம்பிரான் தோழர் என்னும் பெயருக்கு உரியவரிடம் இக்கோபம் பக்திக்குறைவாக எண்ணப்படாமல், திருமுறையிலேயே இடம்பெற்றுக் கோயில்களில் ஓதப்பட்டு வருகிறது. திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்தில் மாணிக்கவாசகர் தம்மை விட்டுவிட வேண்டாம் என்று ஐம்பது பாடல்களில் இடைவிடாது மன்றாடுகிறார். கைவிட்டால் உலகம் உன்னைப் பார்த்துச் சிரிக்கச் செய்வேன் என்று அஞ்சாமல் சொல்லவும் துணிகிறார். அன்பில் ஐயம் கொண்டவரால் இவ்வளவு நெருங்கிப் பேச இயலாது. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் அடியார் தம்மைத் தலைவியாகப் பாவிக்கும் நாயகி பாவப் பாசுரங்களிலும், பிரிவின் ஏக்கமே உறவின் உறுதியைப் புலப்படுத்துகிறது.

இம்மரபு சமய எல்லை கடந்தும் தொடர்ந்தது. திருநெல்வேலி அருகே கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறித்தவரான கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு சிறையில் கழித்த பனியன் வரைந்த நம்பிக்கைப் பயணம், இவர் கையில் காப்பிய நடையைப் பெற்றதோடு, இடையிடையே தேவாரம் என்றே பெயரிட்ட இசைப்பாடல்களையும் ஏற்றது. கிறிஸ்துவின் அன்பில் அமைதி தேடிய கவிஞருக்கும் அப்பர் வழிவந்த பாவடிவமே இயல்பான மொழியாக அமைந்தது, துயரில் இறைவனோடு பேசும் முறையைத் தமிழ் எவ்வளவு ஆழமாகப் பண்படுத்தி வைத்திருந்தது என்பதற்குச் சான்றாகும்.

இத்தகைய நிறைவு மனிதரைச் செயலற்றவராக்கும் என்ற ஐயத்துக்கு அப்பரின் வாழ்வே விடை சொல்கிறது. மன்னனின் அழைப்பை மறுத்து, தாம் எவருக்கும் குடியல்லர் என்று அறிவிக்கும் துணிவை அவருக்கு அளித்தது இறைவனுக்கு மட்டுமே ஆட்பட்ட உறுதியாகும். முதுமையிலும் கையில் உழவாரப் படையேந்திக் கோயில்களில் புல் செதுக்கிய அவரது தொண்டும் அதே உறுதியின் விளைவே. துன்புறுவோரிடம் அழாதே என்று கட்டளையிடும் ஆறுதலை இவ்விலக்கியம் ஒருபோதும் தருவதில்லை. அழுகைக்கும் கோபத்துக்கும் கேள்விக்கும் இறையன்பில் இடமுண்டு என்று அது உறுதிபடச் சொல்வதனாலேயே, நோயும் இழப்பும் நேரும் காலத்தில் இன்றைய வாசகரும் நம்பிக்கையோடு நாடத்தக்க துணையாக அது விளங்குகிறது.