விதைத் தேயிலையின் வழக்கு

1925இல் தோன்றித் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஒரு நூற்றாண்டை நிறைவு செய்துவிட்ட இவ்வேளையில், அதன் சாதனைகளைப் போற்றுவோர் பலர், விளைச்சலும் வாசனையும் ஒருங்கே வாய்ந்த தாய்ச்செடிகளைத் தெரிந்து அவற்றின் துண்டுகளால் மலைகளை நிரப்பியதே தலையாய அபிவிருத்தி என்றும், எஞ்சியுள்ள விதைத் தேயிலையையும் காலந்தாழ்த்தாது பிடுங்கிவிட வேண்டும் என்றும் வாதிக்கின்றனர்.

இவ்வாறு துண்டுகளால் வளர்க்கப்படும் வீ.பி. தேயிலை மிகுதியாகக் கொழுந்து தருகிறது என்பதில் ஐயமில்லை. 1946இல் கொப்புள நோய் தோட்டங்களை அலைக்கழித்த பின்னர், நோய் தாங்கும் செடிகளைத் தேடிய ஆய்வாளரின் உழைப்பும் வணக்கத்துக்குரியதே. ஆனால் பிடுங்கிவிடுக என்னும் அபிப்பிராயத்தை நான் என்றும் ஏற்றதில்லை.

பழைய விதை மலையொன்றில் நின்று உற்று நோக்குவோர்க்கு, ஒரே நிரையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செடிகளுள் ஒன்றின் இலை அகன்று வெளிறியும் மற்றதன் இலை சிறுத்துக் கறுத்தும் இருப்பதும், ஒன்று கொழுந்து விட்டுக் குலுங்க மற்றது துளிர்க்காது கிடப்பதும் புலனாகும். தேயிலை பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏலாது அயற்செடியின் மகரந்தத்தையே நாடுவதால், ஒவ்வொரு விதையும் தனிப்பிறவியாகிறது. இன்று புகழப்படும் தாய்ச்செடிகளிற் பலவும் இத்தகைய கலப்பு மலைகளிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவை அல்லவா? அம்மலைகளை அழிப்பது விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும்.

அன்றியும், ஓரிலையும் ஒரு மொட்டும் கொண்ட துண்டு பொலித்தீன் பையில் வேர்விடும்போது, விதைச்செடிக்குரிய ஆணிவேர் அதற்கு வாய்ப்பதில்லை. திம்புள்ளைத் தேயிலைக்கு உயர்ந்த வாசனையை அளிக்கும் தை மாசி மாதங்களின் வறண்ட குளிர்காற்றே, ஆழ வேரோடாத செடியை முதலில் வாட்டுகிறது. விளைச்சலை எடையால் மட்டும் நிர்ணயிப்போர் இதனைக் கணக்கிற் கொள்வதில்லை.

ஒரே இனத்தை நம்பியதன் பயனை இம்மலைநாடு முன்னரே அனுபவித்திருக்கிறது. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய், இருபதாண்டுகளுக்குள் கோப்பிப் பெருந்தோட்டங்களை நிர்மூலமாக்கிற்று. கடலும் காடும் கடந்து வந்த நம் மக்கள் வேலையும் கூலியும் இழந்து தவித்தனர். விதைத் தேயிலையைப் பிடுங்கினாலும், சேமிப்புத் தோட்டத்தில் அதன் மாதிரிச் செடிகள் உண்டே என்பர். ஆயிரமாயிரம் செடிகள் கொண்ட ஒரு மலையின் பன்மையைச் சில நிரைகளில் அடக்கிவிட முடியும் என்பதை நான் நம்பவில்லை. ஆதலின் தோட்டந்தோறும் ஒரு விதை மலையையேனும் விட்டுவைப்பதும், பிடுங்கத் துணிந்த மலைகளிற் செடிவாரியாகக் கொழுந்து பறித்துச் சுவை பார்த்த பின்னரே மண்வெட்டியை அனுமதிப்பதும் நிலையத்தின் கடமையாகும்.